வாலில் எழுதிய எண்

கம்பியப் பிடிக்காதீங்க சார், ஒரு நிமிஷம். துடைச்சு விட்டுர்றேன். ம், இப்பப் பிடிங்க. பாருங்க கைக்குட்டைய, காலையில வெள்ளையா இருந்தது. நான் எங்க போனாலும் இப்படித்தான். என் மருமக சொல்லுவா, மாமா நாற்காலிய மட்டும் துடைக்க மாட்டாங்க, அதுல உட்கார்ந்திருக்கிற ஆளையும் சேர்த்துத் துடைச்சிருவாங்கன்னு. சொல்லிட்டுப் போறா. ஏர்போர்ஸ்ல பதினஞ்சு வருஷம் இருந்தவன் நான். விமானத்து உடம்புல ஒரு விரல் அடையாளம் தெரிஞ்சாக்கூடத் துடைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

விருதுநகர் தாண்டிட்டமா? இப்பத்தானா? அப்ப இன்னும் நேரம் இருக்கு. சாத்தூருக்கு அங்கிட்டு ரோட்டு மேலேயே ஒரு என்ஜினியரிங் காலேஜ் இருக்குல்ல, வாசல்ல ஒரு போர் விமானத்தத் தூண்ல ஏத்தி வச்சிருப்பாங்களே, அங்கதான் நான் இறங்கணும். கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன். மூணாவது தடவை சொன்னா வள்ளுனு விழுவாரு. போன மாசமும் இதே மாதிரி கிளம்பி வந்தேன் சார். கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பார்த்தா கோவில்பட்டி. அதுக்கு முந்தியும் ஒரு தடவை அப்படித்தான். நான் பஸ்ல தூங்குற ஆளே கிடையாது. என்னமோ அந்த ரூட்ல மட்டும் தூக்கம் வந்துருது.

அந்த விமானத்தப் பார்த்திருக்கீங்களா? போக வரப் பார்த்திருப்பீங்க. பயலுக கீழ நின்னு செல்பி எடுக்கிறான். கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளை எல்லாம் வந்து போட்டோ பிடிக்குதுக. அது பொய் சார். விமானம் நிஜம், அதுல சந்தேகம் இல்ல. போர்டு பொய்.

நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க? போர்டா? பிளக்ஸா, தகடா? ரெண்டுமேவா! சிவகாசியில சொந்தக் கடையா, பரவாயில்லையே. கோவில்பட்டிக்கு அளவெடுக்கப் போறீங்களாக்கும். அப்ப உங்ககிட்டச் சொன்னாத்தான் புரியும். ஒரு போர்டுல அப்பன் பேரு இருக்க வேண்டிய இடத்துல பக்கத்து வீட்டுக்காரன் பேரு இருந்தா விடுவாங்களா? கடையில வந்து நிக்க மாட்டாங்க? நான் ஏழு வருஷமா நிக்கிறேன். ஏழு வருஷத்துல ஏழு மனு. காலேஜ் தாளாளருக்கு நாலு, டெல்லிக்கு ரெண்டு, பேப்பருக்கு ஒண்ணு. பேப்பர்க்காரன் என் கடுதாசியப் பாதியா வெட்டி, கோழிப்பண்ணை நாத்தம் பத்தி ஒருத்தர் எழுதியிருந்ததுக்குக் கீழ போட்டான்.

போர்டுல என்ன இருக்குன்னு மனப்பாடமாச் சொல்றேன் கேளுங்க. 'ஹண்டர் போர் விமானம். எண் நாற்பத்திரண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் இருபத்தாறு முறை பறந்து, எதிரி டாங்கிகளை அழித்து, உடலில் குண்டுக் காயங்களுடன் திரும்பி வந்த வீர விமானம்.' எப்படி இருக்கு? கேட்கச் சிலிர்க்குதுல்ல? அந்தக் காயம் இருக்கிறது வால்ல. ஒட்டுப் போட்ட தகடு இன்னும் தெரியும். அந்த ஒட்டுப் போட்டவனே நான்தான். வால் மட்டும்தான் சார் நாப்பத்திரண்டு. வாலுக்கு முன்னாடி இருக்கிறது பூரா, விமானி உட்கார்ற இடம், ரெக்கை, மூக்கு, எல்லாம் பதினேழாம் நம்பர். அந்தப் பதினேழு போர்ல பறந்தது மொத்தமே மூணு நாளு. மிச்ச நாளெல்லாம் கொட்டகையில கண்ணாடி உடைஞ்சு படுத்துக் கிடந்துச்சு. அதுக்குத்தான் இங்க மாலை.

சிரிக்காதீங்க. ஒரு விமானத்துக்கு எப்படி ரெண்டு நம்பர்னுதான கேட்கிறீங்க? நியாயமான கேள்வி. ஹண்டரோட பின்பாதி தனியாக் கழண்டுரும், பேனா மூடி கழட்டுற மாதிரி. என்ஜின் உள்ள இருக்குல்ல, அத வெளிய இழுக்கணும்னா வாலக் கழட்டித்தான் ஆகணும். அப்படித்தான் அத வடிவமைச்சிருக்கான். ஆனா நம்பர எங்க எழுதியிருக்கான்? அந்தக் கழண்டு வர்ற வால்ல. பெருசா, வெள்ளைப் பெயிண்டுல. வால மாத்துனா நம்பர் மாறிரும், விமானம் மாறாது. விமானம்ங்கிறது முன்பாதிதான். அதோட வரலாறு எழுதுன புத்தகமும் முன்பாதிக்குத்தான் சொந்தம்.

அந்தப் புத்தகத்தப் பத்திச் சொல்லணும். அது தெரியலைன்னா ஒண்ணும் விளங்காது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு புத்தகம் உண்டு சார். எத்தனை மணி நேரம் பறந்துச்சு, என்ன ரிப்பேர், என்ன மாத்துனோம், எல்லாம் அதுல வரும். பறந்துட்டு வந்ததும் விமானி அதுல குறைய எழுதுவாரு. நாங்க சரி பண்ணிட்டுப் பக்கத்துலயே கையெழுத்துப் போடுவோம். சரி பண்ண முடியாத சின்னக் குறைன்னா, 'இந்தக் குறை இருக்கு, தெரிஞ்சு ஓட்டவும்'னு எழுதி வைப்போம். அடுத்து ஏறப் போற விமானி அத நின்ன இடத்துலயே படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் ஏணியில காலே வைக்கலாம். ராஜா வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் சரி. அவங்க எங்க மூஞ்சியப் பார்த்து ஏறல சார், அந்தப் புத்தகத்த நம்பி ஏறுனாங்க.

இது எந்த ஊரு? பட்டம்புதூர் தாண்டியாச்சா? சாத்தூர் வந்தா ஒரு சத்தம் குடுங்க. இல்ல வேண்டாம், நானே பார்த்துக்குவேன்.

அப்ப நாங்க மேக்க எல்லைப் பக்கம் ஒரு விமான தளத்துல இருந்தோம். பேரு எதுக்கு, ஒரே மணல். எனக்கு வயசு இருபத்துநாலு, ரேங்க் கார்ப்பரல். விமானத்தோட உடம்பு, சக்கரம், வால் எல்லாம் என் பொறுப்பு. எனக்கு மேல குருப்னு ஒரு வாரண்ட் ஆபீசர், மலையாளி. நெத்தியில சந்தனம் இல்லாம வேலைக்கு வர மாட்டாரு. எப்பவும் சட்டைப் பையில ஒரு சாக்பீஸ் இருக்கும். டிசம்பர் மாசம் போர் ஆரம்பிச்சது. முதல் மூணு நாள்ல பதினேழுக்கு முன்கண்ணாடி உடைஞ்சு போச்சு, பருந்து மோதி. மாத்துறதுக்குக் கண்ணாடி இல்ல. கொட்டகையில தள்ளுனோம்.

நாலாம் நாள் நாப்பத்திரண்டு திரும்பி வந்துச்சு. பக்‌ஷின்னு ஒரு ஃபிளைட் லெப்டினன்ட் ஓட்டிட்டு வந்தாரு. வால் பூரா ஓட்டை. என் கை உள்ள போயி வெளிய வருது சார், அவ்வளவு பெரிய ஓட்டை. எப்படித் திருப்பிக் கொண்டு வந்தாருன்னே தெரியல. இறங்குனவரு நேரா வந்து புத்தகத்த வாங்கி எழுதுனாரு. வாலப் பத்தி ஒரு வரி. அதுக்குக் கீழ இன்னொரு வரி. இடது பக்கத்து எரிபொருள் மானி உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டுகிறது, நம்ப வேண்டாம்னு. அந்த மானிக்கும் மாத்துப் பொருள் இல்ல. சரின்னு 'தெரிஞ்சு ஓட்டவும்'னு குருப் எழுதி வச்சாரு.

அப்பத்தான் குருப் சொன்னாரு, பதினேழு சும்மாதான படுத்துக் கிடக்கு, அதோட வாலக் கழட்டி இதுல மாட்டுடான்னு. மாட்டுனேன். நானும் இன்னும் மூணு பேரும். சாப்பிடாம கொள்ளாம மாட்டுனோம். பொழுது சாயுறதுக்குள்ள நாப்பத்திரண்டு எழுந்து நின்னுருச்சு, ஆனா வால்ல 'பதினேழு'ன்னு இருக்கு. பெயிண்ட் அடிக்க யாருக்கு நேரம்? குருப் சாக்பீஸ எடுத்து, முன்சக்கரத்துக் கதவுல பெருசா 'நாற்பத்திரண்டு'ன்னு எழுதி விட்டாரு. எல்லாரும் இதப் பாருங்கடா, வாலப் பார்க்காதீங்கடான்னு சொன்னாரு. என்னக் கூப்பிட்டு, ரெண்டு புத்தகத்துலயும் வால் மாத்துன கதைய எழுதிரு ஆழ்வாருன்னாரு. என் பேரு ஆழ்வார்சாமி சார், சொல்ல மறந்துட்டேன்.

எழுதுனேன். நாப்பத்திரண்டு புத்தகத்துல எழுதுனேன். பதினேழுல... அப்புறம் எழுதிக்கலாம்னு வச்சேன். வேலை அப்படி. ஒரு நாளைக்கு மூணு தடவை, நாலு தடவை போறாங்க வர்றாங்க. தூக்கம் கிடையாது. நின்னுகிட்டே டீ குடிச்சோம்.

தண்ணி வச்சிருக்கீங்களா? குடுங்க. இல்ல, அண்ணாந்துதான் குடிப்பேன், வாய் வைக்க மாட்டேன்.

பத்தாம் நாள் கண்ணாடி வந்துச்சு. பதினேழோட முன்பாதிக்கு மாட்டியாச்சு. புத்தகத்துல கண்ணாடிக் குறைய அடிச்சாச்சு. பார்த்தா அந்தப் புத்தகத்துல இப்ப ஒரு குறையும் இல்ல, அவ்வளவு சுத்தம். ஆனா அதுக்கு வால் கிடையாது. வால் வேற விமானத்துல ஓடிக்கிட்டிருக்கு. அது புத்தகத்துல இல்ல. ஓடுற விமானங்களோட புத்தகம் வைக்கிற அலமாரியில அதக் கொண்டு போயி யாரோ வச்சுட்டாங்க. பதினோராம் நாள் காலையில, குருப்புக்கு ஓடுபாதையோட அந்தக் கோடியில வேலை. ஒரு விமானத்துக்கு டயர் வெடிச்சிருச்சுன்னு விடியிறதுக்கு முன்னாடியே ஜீப்ல போயிட்டாரு. நாங்க இங்க.

ஏழு மணிக்கு ரெபெல்லோ வந்தாரு. ஃபிளையிங் ஆபீசர் ரெபெல்லோ. மங்களூர்க்காரரு, இருபத்துமூணு வயசு. எங்கள மாதிரி ஆளுகளையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. நான் துடைக்கிறதப் பார்த்து, 'ஆழ்வார், உன் விமானத்துல ஏறுனா சட்டை அழுக்காகாது, ஆனா நீ துடைச்சுத் துடைச்சே அதத் தேய்ச்சிருவ'ம்பாரு. அன்னைக்கும் அதத்தான் சொன்னாரு. அவசரம். எல்லைக்கு அந்தப் பக்கம் டாங்கி வருதுன்னு தகவல். விமானத்தப் பார்த்தாரு, வால்ல பதினேழு. புத்தகம்னு கை நீட்டுனாரு. குருப் பதினேழு புத்தகத்த எடுத்துக் குடுத்துட்டாரு. அதுல ஒரு குறையும் இல்லையே, ரெபெல்லோ புரட்டுனாரு, கையெழுத்துப் போட்டாரு, ஏறுனாரு, போனாரு.

வரல.

கூடப் போன விமானி வந்து சொன்னாரு. ஒரு சுத்து சுட்டாங்களாம். திரும்பிருவோம்னு இவரு சொல்லியிருக்காரு. ரெபெல்லோ, மானியில இன்னும் ஒரு சுத்துக்கு இருக்கு, முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு. முடிச்சாரு. வர்ற வழியில என்ஜின் நின்னுபோச்சு. ரொம்பத் தாழப் பறந்திருக்காரு, குதிக்க நேரம் இல்ல. நம்ம எல்லைக்குள்ளதான் விழுந்தாரு. இன்னும் எட்டு மைல் வந்திருந்தா தளம்.

விசாரணை நடந்துச்சு. பதினேழாம் நம்பர் விமானம், பதினேழாம் நம்பர் புத்தகம், மானியில குறை இல்ல, விமானி கையெழுத்து இருக்கு. அப்புறம் என்ன? எரிபொருளச் சரியாக் கவனிக்கலைன்னு எழுதிட்டாங்க. பதக்கத்துக்குப் பேரு போயிருந்ததாம், எடுத்துட்டாங்க. போர் முடிஞ்சது. மிச்சம் இருந்த முன்பாதியில நாப்பத்திரண்டோட ஓட்டை வால ஒட்டுப் போட்டு மாட்டுனோம். வால்ல நாப்பத்திரண்டு இருக்கா, நாப்பத்திரண்டு புத்தகத்த அதுக்குக் குடுத்தாச்சு. அது ஓஞ்சு போயி, முப்பது வருஷம் எங்கெங்கேயோ கிடந்து, இங்க தூண் மேல வந்து நிக்குது. நான் சாமி கும்பிடக் கோவில்பட்டிக்குப் போகையில பஸ்ல இருந்து பார்த்தேன். ஒட்டுப் போட்ட தகடு கண்ணுல பட்டுச்சு. அன்னைக்கே இறங்கிப் போயி போர்டப் படிச்சேன். அன்னைக்குப் பிடிச்ச சனி இது.

இப்பப் புரியுதா? உண்மையான நாப்பத்திரண்டு, இருபத்தாறு தடவை பறந்தது, மணல்ல எரிஞ்சு போச்சு. அதுக்கு ஒரு போர்டு கிடையாது. இது உட்கார்ந்து தின்ன பயல். இதுக்குப் பூ மாலை. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

மனுவுக்குப் பதில் வந்துருச்சு சார், போன வாரம் வந்தது மூணாவது. ரிட்டயர்டு குரூப் கேப்டன் ஒருத்தரு, காலேஜ்காரங்க அவரத் தலைவராப் போட்டு ஒரு குழு வச்சிருக்காங்க. இன்னைக்குப் பதினோரு மணிக்கு, உங்களிடம் உள்ள ஆதாரத்துடன் வரவும்னு. முந்தி ரெண்டு தடவை கூப்பிட்டு நான் வரலை, இதுதான் கடைசின்னு வேற எழுதியிருக்காரு. ஆதாரம் இருக்கு. இந்தப் பையிலதான் இருக்கு. நாப்பத்திரண்டு புத்தகத்துல நான் வால் மாத்துனத எழுதுனேன்ல, அந்தப் பக்கம். அசல். அதக் காட்டுனா ஒரு பயலும் வாயத் திறக்க முடியாது.

காட்டவா? இருங்க, கையத் துடைச்சுக்கங்க. ஓரத்தப் பிடிங்க, நடுவுல மடிப்பு கிழிஞ்சிரும். மேல பக்‌ஷி எழுத்து. கீழ என் எழுத்து. முத்து முத்தா இருக்குல்ல?

ஆமா, மேல மானியப் பத்தி பக்‌ஷி எழுதுனதும் அதே பக்கம்தான். அதுக்கு என்ன இப்ப? நான் காட்டப் போறது கீழ இருக்கிறத.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அந்தக் குழுக்காரரு ரொம்பச் சுறுசுறுப்பு. பதினேழுல செத்ததா ரெக்கார்டுல இருக்கிறவரு வீட்டுக்கும் விசாரிச்சு எழுதியிருக்காரு. ரெபெல்லோவோட தங்கச்சி இருக்காங்களாம், தெரேசான்னு பேரு, ரிட்டயர்டு டீச்சர், எழுபத்தஞ்சு வயசு. மங்களூர்ல இருந்து கிளம்பி வந்துட்டாங்க. இன்னைக்கு அங்க இருப்பாங்க. எனக்கே ஒரு கடுதாசி போட்டாங்க, இங்கிலீஷ்ல. படிச்சுக் காட்ட வேண்டாம், எனக்குப் பாடம். 'என் அண்ணன் கவனம் இல்லாமல் பறந்து இறந்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். என் அம்மா அதை நம்பவில்லை. வீட்டில் ஒரு விளக்கை அணைக்க மறந்தால்கூட எழுந்து போய் அணைக்கிற பையன் அவன் என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். நீங்கள் அன்று காலையில் அவனைப் பார்த்தவர். அவன் மானியைப் பார்க்காமலா போனான்? நீங்கள் எதைச் சொன்னாலும் நான் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் சாக விருப்பமில்லை.'

நான் பதில் எழுதல. எழுத உட்காருவேன், மேஜைய ஒரு துடை துடைப்பேன், பேனாவத் துடைப்பேன், எழுந்துருவேன். நான் போர்டுக்காகத்தான வர்றேன். விமானத்தோட மானத்துக்காக வர்றேன். அந்தம்மா கேட்கிறது வேற விஷயம். அது குருப் செஞ்ச தப்பு. அவரும் செத்துட்டாரு, பாலக்காட்டுல, தொண்ணூத்தெட்டுல. செத்தவர் பேர எதுக்கு இழுக்கணும்?

என்ன? என்ன சொன்னீங்க?

டயரா? ஆமா, டயர் வெடிச்சதுன்னு சொன்னேன். குருப் அந்தக் கோடிக்குப் போயிருந்தாருன்னு சொன்னேனா? நானா? சொல்லியிருப்பேன். அப்ப வந்திருப்பாரு சார், ஜீப்தான, வர எவ்வளவு நேரம் ஆகும்? நீங்க என்ன வக்கீலா? போர்டு அடிக்கிற ஆளுதான? ஒரு மனுஷன் அம்பது வருஷத்துக்கு முந்தி நடந்ததச் சொல்லிட்டு வர்றான், அங்க இருந்தாரா இங்க இருந்தாரான்னு பிடிச்சுக்கிட்டு! அந்தப் பேப்பரக் குடுங்க முதல்ல. இப்படிக் குடுங்க. மடக்காதீங்க.

...

இது சாத்தூர் பஸ் ஸ்டாண்டா? வெள்ளரிக்கா விக்கிறான். வேண்டாம்ப்பா, வேண்டாம். நான் எழுந்து நின்னுக்கிறேன் சார், உட்கார முடியல. நீங்க உட்காருங்க. கோவிச்சுக்காதீங்க, நான் கத்திட்டேன்.

நீங்க பிழை பார்த்துப் பார்த்துப் பழகுன ஆளு. என் மகன்கிட்ட இந்தக் கதைய நூறு தடவை சொல்லியிருக்கேன். பேரன்கிட்டச் சொல்லியிருக்கேன். வாக்கிங் போறவங்ககிட்டச் சொல்லியிருக்கேன். ஒருத்தனும் இதக் கேட்கல. எல்லாரும் குருப்ப நாலு திட்டு திட்டிட்டுப் போவாங்க. எனக்கும் கேட்க நல்லா இருக்கும்.

குருப் அங்க இல்ல.

ரெபெல்லோ கை நீட்டுனாரா, நான் அலமாரிக்கு ஓடுனேன். வால்ல பதினேழு, என் கை பதினேழுக்குப் போச்சு. நானே மாட்டுன வாலு சார் அது! ஒவ்வொரு போல்ட்டும் நான் முறுக்குனது. அது பதினேழு இல்லைன்னு அந்தத் தளத்துல யாருக்குத் தெரியலைன்னாலும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கை போயிருச்சு. தூக்கம் இல்ல, அது இல்ல, இது இல்லன்னு எனக்கு நானே ஆயிரம் சொல்லிட்டேன், எதுவும் ஒட்டல. சாக்பீஸ்ல எழுதியிருந்ததேன்னு கேளுங்க. கேளுங்க சார். முதல் நாள் சாயங்காலம் முன்சக்கரக் கதவுல எண்ணெய் வழிஞ்சிருந்துச்சு. நான் விடுவனா? நல்லாத் துணி போட்டுத் துடைச்சுட்டேன். பளபளன்னு இருந்துச்சு. துடைச்சுட்டுத் திருப்பி எழுதணும்னு தோணல.

மத்தியானம் குருப் வந்தாரு. எந்தப் புத்தகம்டா குடுத்தன்னு கேட்டாரு. சரியான புத்தகம்தான் சார்னேன். என் மூஞ்சியப் பார்த்தாரு. அதுக்கப்புறம் அவரு எங்கிட்ட அதக் கேட்கவே இல்ல, சாகிற வரைக்கும் கேட்கல. வருஷா வருஷம் விஷுவுக்கு ஒரு கார்டு போடுவாரு, 'ஆழ்வார், சுகமா' அவ்வளவுதான் இருக்கும். அன்னைக்கு அவரு அந்தப் பக்கம் போனதும் நாப்பத்திரண்டு புத்தகத்துல இருந்து இந்தப் பக்கத்த நான் கிழிச்சேன். விசாரணைக்காரங்க கையில சிக்கக் கூடாதுன்னு. கிழிச்சதக் கொளுத்தியிருக்கலாம். தீப்பெட்டி கையில இருந்துச்சு. முடியல. அது விமானத்தோட வரலாறு சார். அத எரிக்க எனக்கு மனசு வரல.

அந்தப் பையன் வரலாற எரிச்சுட்டேன்.

இல்ல, அழல. கண்ணுல தூசி எல்லாம் இல்ல, அழுகைதான், விடுங்க. கைக்குட்டை வேண்டாம், எங்கிட்ட இருக்கு. இது அழுக்கு. பரவாயில்ல.

உங்ககிட்டப் பேனா இருக்குமே. அளவெடுக்கப் போறவரு, நோட்டும் இருக்கும். ஒரு உதவி பண்ணுங்க. நான் சொல்றத எழுதுங்க. ஓடுற பஸ்ல நின்னுகிட்டு எனக்கு எழுத வராது. போர்டுக்கு என்ன வாசகம் வேணும்னு குழுக்காரரு கேட்பாரு, ஏழு வருஷமா ஒரு வாசகம் வச்சிருந்தேன், அது வேண்டாம். புதுசா எழுதுங்க.

'இந்த விமானத்தின் வால் நாற்பத்திரண்டு. முன்பாதி பதினேழு.' எழுதியாச்சா? 'உண்மையான நாற்பத்திரண்டு போரின் பதினோராம் நாள் ஃபிளையிங் ஆபீசர் ரெபெல்லோவுடன் விழுந்தது. அதன் எரிபொருள் மானி பொய் காட்டியது. அவர் மானியைப் பார்த்தார். பார்த்துத்தான் பறந்தார்.' அந்த வரிக்குக் கீழ கோடு போடுங்க. 'மானி பொய் என்பது அவருக்குத் தெரியாது. தெரிவிக்கும் புத்தகம் தரப்படவில்லை.' இல்ல, அத அடிங்க. நல்லா அடிங்க. தரப்படலைன்னா, யாரு தரல? இப்படி எழுதுங்க. 'அவருக்கு வேறு புத்தகத்தைக் கொடுத்தவன்,' அப்புறம் நம்பர், ரேங்க், பேரு. ஏர்போர்ஸ்ல அப்படித்தான் சொல்லணும், முதல்ல நம்பரு. எந்த அதிகாரி முன்னாடி நின்னாலும் இந்த வரிசைதான். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ரெண்டு, ஒம்பது, ஒண்ணு, ஏழு, நாலு, ஆறு. கார்ப்பரல். ஆழ்வார்சாமி.

போர்டுல இவ்வளவு போட மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். போடட்டும், போடாம விடட்டும். முதல்ல அந்தம்மா கையில குடுக்கணும். இந்தப் பக்கத்தையும் சேர்த்து. அவங்க என்ன செஞ்சாலும் சரி. அறையட்டும், போலீஸ்ல குடுக்கட்டும், மூஞ்சியில துப்பட்டும்.

அந்தா தெரியுது பாருங்க. தூண். மூக்கு மேல் நோக்கி. கீழ யாரோ வெள்ளை முடியா, பிளாஸ்டிக் நாற்காலியில, நிழல் இருந்தும் வெயில்ல உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கிட்டு இருக்காங்க. அவங்கதான் சார். விமானி உட்கார்ற இடத்தையே பார்க்கிறாங்க. அங்க அவங்க அண்ணன் உட்காரவே இல்ல. யாராவது போயிச் சொல்லணும்ல?

நோட்டுத் தாளக் கிழிச்சுக் குடுங்க. கசங்காம. கண்டக்டர்! கண்டக்டர், காலேஜ்! தெரியும்யா, ரெண்டு தடவை சொன்னேன்தான். இப்ப மூணாவது தடவை சொல்றேன், திட்டுங்க. நிறுத்துங்க. நான் தூங்கல, நல்லா முழிச்சுத்தான் இருக்கேன்.